செல்லக்கனி வீட்டுத் தண்ணீர்

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள் சார். எனக்கு வேண்டாம். அந்தக் கம்பியைப் பார்த்தீர்களா, எத்தனை பேர் வெற்றிலைச் சாற்றைத் துப்பியிருக்கிறார்கள் என்று. காய்ந்து தகடு மாதிரிப் படிந்திருக்கிறது. நான் இந்த ஓரத்திலேயே இருந்துகொள்கிறேன். கைக்குட்டையை விரித்து உட்கார்ந்திருக்கிறேனே என்று தப்பாக நினைக்காதீர்கள். பழக்கமாகிவிட்டது.

மதுரை வரைக்குமா? நானும் மதுரைதான். இல்லையில்லை, வெளியூர்க்காரன் இல்லை. சங்கரன்கோவிலில் பிறந்து வளர்ந்தவன். பெயர் சௌந்தரபாண்டியன். இருபத்து நான்கு வருஷமாக மெல்போர்னில் இருக்கிறேன். தங்கை மகள் கல்யாணத்துக்காக வந்தேன். நேற்றுத்தான் முடிந்தது. விமானம் புதன்கிழமை. இன்று திங்கள்தானே? ஆமாம், இரண்டு நாள் இருக்கிறது. மதுரையில் ஓர் அறை எடுத்துத் தங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன். வீட்டில் விமானத்தை முன்னால் மாற்றிவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஊரில் இருக்க முடியவில்லை சார். குமட்டுகிறது.

அந்தக் கல்யாண மண்டபத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கை கழுவுகிற தொட்டி ஐந்து இருக்கிறது, ஐந்திலும் சோறு அடைத்துத் தண்ணீர் தளும்பி நிற்கிறது. அதிலேயே கையை விட்டு அலசிக்கொண்டு போகிறார்கள். பின்பக்கம் இலைக் குப்பை. அதை நாய்கள் இழுத்து இழுத்து மணமகள் அறை வாசல் வரைக்கும் கொண்டுவந்துவிட்டன. யாருக்கும் அது கண்ணில் படவில்லை. எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எதை என்கிறீர்கள்? படம் எடுக்கிற அந்தக் குட்டி விமானத்தை. தாலி கட்டுகிற நேரத்தில் தலைக்கு மேல் ஙொய் என்று ஒரு சத்தம். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு அதற்குச் சிரித்துக் காட்டுகிறார். தாலியைக் கையில் வைத்திருக்கிற மாப்பிள்ளையிடம் போட்டோக்காரன், 'சார் இன்னொரு தடவை கட்டுற மாதிரி' என்கிறான். இன்னொரு தடவையாம்.

நான் குறை சொல்கிறவன் இல்லை சார். அதைத்தான் என்னையே நான் கேட்டுக்கொள்கிறேன், வந்த நாளிலிருந்து: நீ ஏன் எல்லாவற்றையும் இப்படிப் பார்க்கிறாய், இவர்கள் மாறினார்களா, நீ மாறினாயா? வேலை ஒரு காரணமாக இருக்கலாம். நான் அங்கே குடிநீர் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். நகரத்துக் குழாய்களில் வருகிற தண்ணீரைப் பிடித்து வந்து கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது. இருபது வருஷம் அதையே செய்தவனுக்கு ஒரு டம்ளர் தண்ணீரை டம்ளர் தண்ணீராகப் பார்க்க வராது. அதற்குள் என்ன நீந்துகிறது என்றுதான் தோன்றும். நோய் மாதிரிதான் அதுவும்.

வடை வந்திருக்கிறது பாருங்கள். ஏம்ப்பா, ரெண்டு குடு. பேப்பர்லயே குடு, பரவாயில்லை. எடுத்துக்கொள்ளுங்கள் சார். இந்த வழியில் வந்தால் இந்த வடையைத் தின்னாமல் போக மாட்டேன். சூடாக இருந்தால் ஒன்றும் செய்யாது.

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? கல்யாணம். என் தங்கை பெயர் கோமதி. ஒரே தங்கை. அவளுக்கு ஒரே பெண், சிந்துஜா. திருநெல்வேலியில் ஓர் அலுவலகத்தில் வேலை. அங்கேயே கூட வேலை பார்க்கிற பையனைப் பிடித்துப்போயிற்று. கதிரவன் என்று பெயர். நல்ல பையன். நல்ல படிப்பு. அப்பா தங்கராஜ், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா செல்லக்கனி, அரசாங்க ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் நர்ஸ். ஆனால் வேறு ஆட்கள். புரிகிறதல்லவா? வீடு ஊருக்குள் இல்லை, ஊரைத் தாண்டித் தனியாக இருக்கிற தெருவில். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்களும் இந்தப் பக்கத்துக்காரர்தான்.

கோமதி வீட்டுக்காரர் பரமசிவத்தின் அண்ணன் தம்பிகள் நாலு பேரும் பத்திரிகையைக் கையில் வாங்கவில்லை. பரமசிவம் வாயில்லாத மனுஷன். மூலையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கோமதி எனக்குப் போன் பண்ணி அழுதாள். அன்றைக்கு யார் தைரியம் சொன்னது தெரியுமா? நான்தான். 'என்ன காலத்துலம்மா இருக்கீங்க, சாதியாவது ஒண்ணாவது, பிள்ளைக்குப் பிடிச்சிருக்குல்ல, முடிச்சு வை, நான் இருக்கேன்' என்றேன். சிந்துஜாவும் பக்கத்தில் இருந்தாள். போனை வாங்கி, 'மாமா, நீங்க ஒருத்தர் சொன்னதே போதும் எனக்கு' என்றாள். நான் அப்படிப்பட்டவன்தான் சார். அந்த வித்தியாசமெல்லாம் என்றைக்கும் பார்த்ததில்லை. மெல்போர்னில் என்கூட வேலை பார்க்கிற பாலு இருக்கிறான், அவனும் அந்த ஆட்கள்தான், பதினோரு வருஷப் பழக்கம், உயிரை விடுவான் எனக்கு. வீட்டுக்குச் சாப்பிட வா, சாப்பிட வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பான். எங்கே போவது? அவன் வீடு நாற்பது நிமிஷத் தூரம்.

நான் கொடுத்த தைரியத்தில் கோமதி ஒரு காரியம் செய்துவிட்டாள். கை நனைக்கிற வழக்கம் உங்கள் பக்கமும் உண்டுதானே? பேச்செல்லாம் முடிந்தாலும் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுக் கை கழுவினால்தான் சம்பந்தம் உறுதி. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து வந்தால் இஷ்டமில்லை என்று அர்த்தம். பரமசிவம் வகையில் யாரும் வர மாட்டார்கள் என்று தெரிந்துவிட்டது. கோமதி அந்த வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள்: 'என் அண்ணன் வருவான், தாய்மாமன், அவன் வந்து உங்க வீட்ல கை நனைப்பான், அது போதும்.' என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன், அது வேறு விஷயம்.

போன புதன்கிழமை அழைத்துப் போனாள். நானும் கோமதியும் மட்டும். வீடு சின்னது, ஆனால் நன்றாக வைத்திருந்தார்கள். அதைச் சொல்ல வேண்டும். தரை கண்ணாடி மாதிரி. திரைச்சீலை, மேசை விரிப்பு எல்லாம் வெளுத்துத் தேய்த்தது. வாசலில் தெருவே நிற்கிறது. என்னைப் பார்க்கத்தான். தங்கராஜ் வாத்தியார் வாசலுக்கு வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடி எனக்குப் பிடிக்கவில்லை, ஏனென்று தெரியவில்லை, கை ஈரமாக இருந்தது. 'வாங்க அண்ணாச்சி, வாங்க. நீங்க வந்ததுல தெருவுக்கே சந்தோசம்' என்றார்.

உள்ளே இலை போட்டிருந்தது. தலைவாழை இலை. அந்த அம்மா செல்லக்கனி எவர்சில்வர் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். செம்பு புதுசு, கடைக்காரன் ஒட்டிய காகிதத்தைச் சுரண்டிய தடம்கூடத் தெரிந்தது. எனக்கென்று வாங்கியிருக்கிறார்கள். நான் செம்பைப் பார்த்தேன். தண்ணீரைப் பார்த்தேன். எனக்குள் என்னவோ ஆயிற்று சார். நாக்கின் அடியில் எச்சில் ஊறி, வாந்தி வருகிறவனுக்கு வருமே அப்படி. நடிக்கவில்லை. நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது.

'எனக்கு வயிறு சரியில்லை' என்றேன்.

'அய்யோ, அப்ப சோறு வேண்டாம் அண்ணாச்சி. ஒரு வாய் பாயசம் மட்டும்' என்றார் வாத்தியார்.

'இல்ல, இனிப்பு ஆகாது.'

'அப்ப தண்ணி. ஒரு முழுங்கு. பேருக்கு' என்றாள் அந்த அம்மா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். செம்பைச் சாய்த்து ஒரு டம்ளரில் ஊற்றி நீட்டினாள்.

நான் டம்ளரை வாங்கினேன். உதடு வரைக்கும் கொண்டுபோனேன். அவ்வளவுதான் முடிந்தது. கீழே வைத்துவிட்டேன். மேசையில் டம்ளர் வைக்கிற சத்தம் அந்த வீடு முழுக்கக் கேட்டது. வாசலில் நின்ற ஓர் ஆள், கைலி கட்டினவன், பக்கத்தில் இருந்தவனிடம், 'சரி, வாடே, சோலியப் பாப்போம்' என்று சொல்லிவிட்டு நடந்தான். தெரு கலைந்தது. வாத்தியார் மட்டும், 'பரவால்ல அண்ணாச்சி, பிரயாணக் களைப்பு' என்று மூன்று தடவை சொன்னார். கோமதி என்ன செய்தாள் தெரியுமா? எனக்குப் போட்ட இலையில் அவள் உட்கார்ந்தாள். சோறு வாங்கிச் சாப்பிட்டாள். நான் வைத்த டம்ளரை எடுத்து மடமடவென்று குடித்தாள். இன்னொரு டம்ளரும் வாங்கிக் குடித்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆட்டோவில் வரும்போதுதான் வாயைத் திறந்தாள். 'ஏண்ணே, காலைல பஸ் ஸ்டாண்டுல கரும்புச் சாறு குடிச்சியே, ஐஸ் போட்டு. அந்த ஐஸு எந்தத் தண்ணின்னு பாத்தியா?'

'அது வேற' என்றேன்.

'நம்ம வீட்ல வந்த அன்னைலருந்து போர் தண்ணிதான குடிக்க?'

'அது நம்ம வீடு கோமதி.'

'ஆமா' என்றாள். 'அது நம்ம வீடு.'

நான் சொல்வதில் என்ன தப்பு சார்? பழகின தண்ணீருக்கு வயிறு பழகியிருக்கும். நான் பிறந்து வளர்ந்த ஊர்த் தண்ணீர். விஞ்ஞானம் அது. இந்த ஜனங்களுக்கு எதைச் சொன்னாலும் சாதியில் கொண்டுபோய் முடித்துவிடுவார்கள். எனக்கு அதுதான் அருவருப்பாக இருக்கிறது. ஒருவனுக்கு வாந்தி வருகிறது என்றால் வாந்தி வருகிறது, அவ்வளவுதான். அதற்குள் போய்க் கையை விட்டுத் துழாவுவானேன்? நான் துழாவவில்லை என்று நினைக்கிறீர்களா? துழாவினேன். அன்று ராத்திரி கட்டிலில் படுத்துக்கொண்டு துழாவினேன். அதுவாக இருக்குமோ என்று கேட்டுப் பார்த்தேன். இருக்காது என்றுதான் தோன்றிற்று. எனக்கு அப்படி எண்ணமே வந்ததில்லையே. எண்ணம் இல்லாத ஒன்று உடம்பில் எப்படி இருக்கும்?

மறுநாள் சிந்துஜா என் அறைக்கு வந்தாள். சண்டை போடுவாள் என்று பார்த்தேன். போடவில்லை. கையில் இரண்டு பாட்டில் தண்ணீர். என் பெட்டியில் சின்னக் கண்ணாடிக் குப்பிகள் இருப்பது அவளுக்குத் தெரியும், முன்பு ஒரு தடவை போனில் காட்டியிருக்கிறேன். உள்ளே மருந்து தோய்த்த காகிதம் இருக்கும். தண்ணீரை ஊற்றி மூடி, கொஞ்சம் வெக்கையான இடத்தில் வைத்துவிட்டால், சாக்கடைக் கிருமி கலந்த தண்ணீராக இருந்தால் ஒன்றரை நாளில் மை மாதிரிக் கறுத்துவிடும். நல்ல தண்ணீர் அப்படியே இருக்கும். எந்த ஊருக்குப் போனாலும் நாலைந்து எடுத்துப் போவேன்.

'மாமா, இது அவங்க வீட்டுத் தண்ணி. கதிர் கொண்டாந்தாரு. இது நம்ம வீட்டுத் தண்ணி. ரெண்டையும் டெஸ்ட் பண்ணிப் பாத்துருங்க' என்றாள்.

'எதுக்கும்மா இதெல்லாம்?'

'கறுத்துட்டா, தண்ணி கோளாறுன்னு ஆயிரும்லா. அத்தை நர்சு, அவங்களுக்குச் சொன்னா புரியும். தண்ணி கெட்ட தண்ணி, மாமா படிச்சவரு, பாத்த உடனே கண்டுபிடிச்சிட்டாருன்னு நான் சொல்லிக்கிடுதேன்.' பாட்டில்களை என் கையில் கொடுத்தாள். 'கறுக்கணும்னு கும்பிட்டுக்கிட்டுதான் இருக்கேன் மாமா' என்றாள்.

அவளே காகிதத்தில் எழுதி ஒட்டினாள். ஒன்றில் 'அத்தை வீடு'. இன்னொன்றில் 'நம்ம வீடு'. பீரோவுக்கு மேல் வைத்தேன். தகர பீரோ, இந்த வெயிலுக்கு அடுப்பு மாதிரிக் கொதிக்கும், அதைவிட நல்ல இடம் கிடையாது.

சனிக்கிழமை காலையில் எடுத்துப் பார்த்தேன். ஒன்று கறுத்திருந்தது. நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன் சார், இப்படிக் கறுத்து நான் பார்த்ததில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலும் ஊடே ஒன்றும் தெரியவில்லை. இன்னொன்று ஊற்றினது ஊற்றினபடி. அதில் குறையே சொல்ல முடியாது.

கறுத்தது நம் வீடு.

பின்னால் போய்ப் பார்த்தேன். கக்கூஸ் குழிக்கும் போர் குழாய்க்கும் ஆறடிகூட இல்லை. பரமசிவம் கட்டின லட்சணம். ஒரு வாரமாக நான் குடித்த தண்ணீர். வாய் கொப்பளித்த தண்ணீர். 'நம்ம ஊர்த் தண்ணி ருசியே தனி' என்று கோமதியிடம் சொன்ன தண்ணீர். வாயில் கையை விட்டு வாந்தி எடுக்கலாமா என்றுகூட நினைத்தேன். வரவில்லை சார். அங்கே உதட்டில் படுவதற்கு முன்னால் வந்தது, இங்கே தெரிந்த பிறகும் வரவில்லை. அறைக்குத் திரும்பி அதை யோசித்துக்கொண்டே நின்றேன். அந்த நேரம் பார்த்து சிந்துஜா வந்துவிட்டாள். கையில் மருதாணி, முழங்கை வரைக்கும். கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள்.

'மாமா, என்னாச்சு?'

குப்பிகள் என் முதுகுக்குப் பின்னால் இருந்தன. அவள் முகத்தைப் பார்த்தேன். கறுக்க வேண்டும் என்று கும்பிட்டவள்.

'கறுத்துப்போச்சும்மா' என்றேன்.

'எது?'

'அவங்க வீடு.'

மூச்சை விட்டாள் பாருங்கள். அப்படி ஒரு மூச்சு. கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது. 'அப்பாடா' என்றாள். பிறகு, 'நம்ம வீடு?' என்றாள்.

'நல்லா இருக்கு.'

அவளுக்கு எது வேண்டுமோ அதைத்தானே சொன்னேன்? நாளைக்குத் தாலி ஏறப்போகிற பெண்ணிடம் வேறு என்ன சொல்ல முடியும்? நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? சும்மா சொல்லுங்கள். சரி விடுங்கள். அவள் போனதும் இரண்டு குப்பியையும் கழுவிக் கவிழ்த்தேன். கடைக்குப் போய் எனக்கு மட்டும் ஆறு பாட்டில் தண்ணீர் வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். கோமதி பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள். வெளிநாட்டு வயிறு என்றேன். 'இப்பதான் வந்துச்சாக்கும்' என்றாள். கோமதி வீட்டாரிடம் கல்யாணம் முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். வருஷக்கணக்காகக் குடிக்கிற தண்ணீர், ஒரு நாளில் என்ன ஆகிவிடும்? கல்யாண வீட்டில் போய் உன் போர் தண்ணீரில் சாக்கடை கலக்கிறது என்று சொல்ல முடியுமா? அதுவும் அந்த வீடு கறுத்தது என்று சொன்ன வாயால்?

நேற்று மண்டபத்தில் அந்த அம்மா என்னைத் தேடி வந்தாள். செல்லக்கனி. பட்டுப் புடவை கட்டி, தலையெல்லாம் பூ. மாப்பிள்ளைக்கு அம்மா, எத்தனை வேலை இருக்கும். எல்லாவற்றையும் விட்டுவிட்டு நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து குனிந்து நின்றாள்.

'அண்ணாச்சி, மன்னிச்சுக்கிடுங்க' என்றாள். 'முப்பது வருசம் ஊருக்கெல்லாம் தண்ணியக் காய்ச்சிக் குடின்னு சொன்னவ. எங்க வீட்டுத் தண்ணியப் பாக்காம விட்டுட்டேன். நீங்க அன்னைக்குக் குடிச்சிருந்தா என்னாகியிருக்கும். சொல்லவும் முடியாம, குடிக்கவும் முடியாம எவ்வளவு சங்கடப்பட்டிருப்பிய. நாங்க அதத் தப்பா வேற எடுத்துக்கிட்டோம். எங்க வீட்டுக்காரரு அன்னைக்கு அழுதுட்டாரு அண்ணாச்சி. இப்பதான் மனசு ஆறிச்சு.'

வீட்டில் தண்ணீர்த் தொட்டியைக் காலி பண்ணித் தேய்த்துக் கழுவினார்களாம். பானையை உடைத்துப் போட்டார்களாம். தெருவில் எல்லாரிடமும் தண்ணீரைக் காய்ச்சச் சொல்லியிருக்கிறாளாம். சொல்லிவிட்டு மூடி திறக்காத ஒரு தண்ணீர் பாட்டிலை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள். நான் வாங்கித் திறந்து குடித்தேன். நன்றாகத்தான் குடித்தேன், பாதி பாட்டில். பக்கத்தில் நின்ற வாத்தியார் முகம் மலர்ந்துபோயிற்று. 'கை நனைச்சாச்சுல்லா' என்றார். அதுவும் ஒரு கணக்கு அவர்களுக்கு.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஆத்திரம்தான் வந்தது. ஏன் இப்படிக் குனிகிறார்கள்? படித்தவள், உத்தியோகம் பார்த்தவள். ஒருவன் வந்து உன் தண்ணீர் கெட்டது என்றால், எங்கே காட்டு அந்தக் குப்பியை என்று கேட்க வேண்டாமா? நான் சொன்னதை நம்பி வீட்டில் இருந்த நல்ல தண்ணீரையெல்லாம் கொட்டியிருக்கிறார்கள். இப்படி நம்புகிறவர்களைப் பார்த்தாலே எனக்கு என்னவோ செய்கிறது.

பட்டம் கட்டக் கூப்பிட்டார்கள். பெண்ணின் நெற்றியில் தாய்மாமன்தானே கட்ட வேண்டும். மேடைக்குப் போனேன். மேலே அந்தக் குட்டி விமானம். சிந்துஜா தலையைக் குனிந்து நெற்றியைக் காட்டினாள். நூலைப் பின்னால் கொண்டுபோய் முடிச்சுப் போடுகிறேன், கை வழுக்குகிறது. அவள் மட்டும் கேட்கிற மாதிரி, 'தாங்க்ஸ் மாமா' என்றாள். முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்துவிட்டது.

இன்று மதியம் மாப்பிள்ளை வீட்டில் விருந்து. முதல் இலை மாமனுக்கு. அதற்குப் போகாமல் இருக்கத்தான் விமானத்தை மாற்றிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். காலையில் கோமதிக்கும் முகம் நன்றாக இல்லை. இரண்டு மூன்று தடவை பின்பக்கம் போய்விட்டு வந்தாள். கல்யாண அலைச்சல் என்று நினைத்துக்கொண்டேன். 'இருந்து சாப்பிட்டுப் போயேண்ணே' என்று கேட்கக்கூட இல்லை. வாசலில் நின்று, 'சரி, போயிட்டு வா' என்றாள். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஒரு நிமிஷம் சார். போன்.

ஹலோ. யாரு? ஆமா, சொல்லுங்கம்மா. இல்ல, வண்டில இருக்கேன். ராஜபாளையம் தாண்டிட்டு... என்னது? கோமதிக்கா? எப்பருந்து? எத்தனை தடவை? நீங்க இப்ப அங்கயா இருக்கிய? ட்ரிப்ஸ் போட்டாச்சா? சரி. சரி. இல்லம்மா, அது எப்படி உங்க... இல்ல, அழாதிய. நான் சொல்லுதேன் கேளுங்க. அவளுக்குக் கேன் தண்ணி மட்டும் குடுங்க. அவளுக்கு மட்டும் இல்ல, மச்சானுக்கும், வீட்ல எல்லாருக்கும். அந்த வீட்ல குழாயைத் திறக்காதிய. இல்ல, காரணம் ஒண்ணும்... ஒரு பாதுகாப்புக்குத்தான். ஆமா. வெச்சிருதேன்.

செல்லக்கனிதான். கோமதிக்கு வயிற்றுப்போக்காம். காலையிலிருந்து பதினைந்து தடவைக்கு மேல். மயங்கி விழுந்துவிட்டாளாம். அங்கே பந்தி நடந்துகொண்டிருக்கிறது, இந்த அம்மா அதை அப்படியே விட்டுவிட்டு, பட்டுப் புடவையோடு வந்து என் தங்கைக்கு ஊசி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். இப்போது கொஞ்சம் தேவலையாம். கண்ணைத் திறந்துவிட்டாளாம்.

அழுகிறாள் சார். 'என்னாலதான் அண்ணாச்சி, அன்னைக்கு எங்க வீட்ல ரெண்டு டம்ளர் குடிச்சாங்கள்லா, அந்தத் தண்ணிதான்' என்கிறாள். புதன்கிழமை குடித்தது. நர்சாக இருந்தவளுக்கு நாள் கணக்குக்கூடப் பார்க்கத் தோன்றவில்லை. கோமதி எதிரிலேயே சொல்லி அழுகிறாள்.

கேன் தண்ணீர் என்று நான் சொல்லிவிட்டேன் பார்த்தீர்களல்லவா? எல்லாருக்கும் என்று சொன்னேன். குழாயைத் திறக்காதே என்றும் சொன்னேன். இனிமேல் ஒன்றும் ஆகாது. உயிருக்குப் பயமில்லை. அந்த மட்டும் என் வேலையைச் செய்துவிட்டேன். மற்றதைச் சொல்லி இப்போது யாருக்கு என்ன லாபம்? அந்தப் பெண் நேற்றுத்தான் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள். அவளிடம் போய், நான் மாற்றிச் சொன்னேன், கறுத்தது நம் வீடு என்றால், அதற்கு அடுத்தபடி அவள் என்ன கேட்பாள்? அப்படியானால் அன்றைக்கு ஏன் குடிக்கவில்லை என்று கேட்பாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை சார். இருந்தால் சொல்ல மாட்டேனா?

போனை வைக்கும்போது அந்த அம்மா கடைசியாக ஒன்று சொன்னாள். முதல் இலையை யாருக்கும் போட விடவில்லையாம். கேன் தண்ணீரில் தனியாகச் சமைத்து, பரிமாறி, மேலே இன்னோர் இலையைப் போட்டு மூடி வைத்திருக்கிறாளாம். 'நீங்க அடுத்த தடவை வரும்போது வந்து உக்காருங்க, இன்னைக்கு உங்க பேருக்கு அது அங்கன இருக்கட்டும்' என்கிறாள்.

இந்த வெயிலில், சார். மூடி வைத்த சோறு. இந்நேரம் புளித்து நூல் விட ஆரம்பித்திருக்கும், ஈ மொய்க்கும், தெருவே அந்த நாற்றத்தில்தான் இருக்கும். அதை எடுத்துக் கொட்டச் சொல்லி யாராவது அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டும். யாராவது சொல்லத்தான் வேண்டும்.